ரூபினி மார்க் போடாத படம்

கோகிலனுக்குத் தன் மகளோடு படம் பார்ப்பது நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. ரூபினிக்குப் பத்து வயதுதான் ஆகிறது. ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பிப் பிழைத்த கதாநாயகன் யாரும் கிடையாது. நாலாவது மாடியிலிருந்து குதித்து, சட்டையைத் தட்டிவிட்டு நடந்துபோன ஒருவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. நம் வீடும் நாலாவது மாடிதான், கீழ்வீட்டுச் சீனத் தாத்தா இரண்டே படி சறுக்கியதற்கு இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தாரே என்று கேட்டாள். இன்னொரு படத்தில் வில்லன் வீட்டுக் கண்ணாடியை எல்லாம் நொறுக்கினார்கள். அதை யார் கூட்டுவது என்பதுதான் படம் முடியும்வரை அவளுடைய கவலை. கடைசியில் பள்ளி ரிப்போர்ட்டில் போடுகிற மாதிரி ஒன்று முதல் ஆறு வரை மார்க் போடுவாள். பாதிப் படங்கள் இரண்டைத் தாண்டியதில்லை.

ஜெலுத்தோங்கில் அந்த ஃபிளாட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தால் அதுதான் அவர்களுடைய தியேட்டர். கோகிலன் அதிகம் பேசுகிற ஆளில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். அவை கேள்வி கேட்பதில்லை என்பது அவனுக்குப் பெரிய நிம்மதி. அதனால் பேச்செல்லாம் மகளுடையது, சிரிப்பு மட்டும் அவனுடையது.

ஆனால் ஒரே ஒரு படத்துக்கு ரூபினி மார்க் போட்டதே இல்லை.

வருடத்துக்கு ஒரு தடவை, நவமணியின் பிறந்தநாளை ஒட்டி வருகிற ஞாயிறன்று, அந்தப் படத்தைப் போடுவார்கள். நவமணி ரூபினியின் அம்மா. குழந்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது எட்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். படம் ஊரே மறந்துவிட்ட படம். ஒரு பாட்டுக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் லிட்டில் இந்தியா கடைத்தெருவை ஒரு நாள் முழுக்க மறித்து எடுத்தார்கள். அங்கே சேலைக்கடையில் வேலை செய்த பெண்களையெல்லாம் கூட்டத்தில் நடக்கச் சொன்னார்கள். அப்போதுதான் கல்யாணமான நவமணியும் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் வெயிலில் நடந்தாள்.

பாட்டில் கதாநாயகனுக்குப் பின்னால், பூக்கடை ஓரமாக, பச்சைச் சேலைக்காரி ஒருத்தி நடந்து போவாள். பாதி முகம்தான் தெரியும். நாலே விநாடி. கோகிலன் அங்கே படத்தை நிறுத்தி, அம்மா பாரு என்பான். அதன்பிறகு அவனுக்கு எங்கிருந்தோ வாய் வரும். அவள் கெடோண்டோங் பழத் தண்ணியை ஐஸ் போடாமல் குடிப்பது, சேலை மடிக்கும்போது முணுமுணுப்பது, சண்டை போட்டால் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பது என்று ஒரு மணி நேரம் பேசுவான். பேசிக்கொண்டே அழுவான். ரூபினி மூச்சுவிடாமல் கேட்பாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அம்மா மேல் உள்ள மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

உண்மை என்னவென்றால், அது நவமணியே இல்லை.

அவள் நடந்ததை எடுத்தார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் இரண்டு பேரும் கண்ணைக் கொட்டாமல் தேடினார்கள். காணோம் என்றதும் நவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் செத்து இரண்டு வருடம் கழித்து, நாலு வயது ரூபினி, அம்மா எப்படி நடப்பாங்க என்று கேட்டாள். காட்ட ஒன்றுமில்லை. வீடியோக்கள் இருந்த கைப்பேசி, அவள் இறந்த மாதமே பசார் சந்தையில் தொலைந்துபோனது. கல்யாண வீடியோவில் அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். அக்கினியைச் சுற்றும்போதும் சேலை தடுக்கிவிடுமே என்று குனிந்து, பயந்து, ஊர்ந்து போகிறாள். அது அவளுடைய நடையே இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கோகிலன் அந்தப் படத்தைப் போட்டு, யாரோ ஒரு பச்சைச் சேலையைக் காட்டிவிட்டான். ஒரு நாளைக்குச் சொன்ன பொய். அது ஆறு வருடமாக வளர்ந்து வீட்டில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது.

இந்த வருடம் சுலைஹா அக்கா கைப்பேசியில் அழைத்தாள். சேலைக்கடையில் நவமணிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், அன்றைக்கு அவளோடு சேர்ந்து அதே வெயிலில் நடந்தவள். மகனோடு ஜொகூரில் இருந்துவிட்டு, இப்போதுதான் பக்கத்திலிருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்குத் திரும்பியிருக்கிறாள். பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். கோகிலன் பதில் சொல்வதற்குள் ரூபினி கைப்பேசியை வாங்கி, வாங்க ஆன்ட்டி, அன்னைக்கு அம்மா நடிச்ச படம் பாக்கப் போறோம் என்றாள். அந்தப் படத்தில் நவமணி இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும்.

அக்காவைத் தனியாக அழைத்து வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கலாம். மூன்று தடவை கைப்பேசியை எடுத்தான், மூன்று தடவையும் வெட்கப்பட்டு வைத்துவிட்டான். செத்துப்போன மனைவியின் தோழியிடம் போய், வேறொருத்தியைக் காட்டி என் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிறு மத்தியானம் பாயை விரித்துவிட்டு, இன்டர்நெட் சரியில்லை, இன்றைக்கு வேறு படம் பார்ப்போம் என்றான். ரூபினி டிவியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

"அந்தப் படத்துக்கு ஆறுக்கு ஒன்னுதான்ப்பா. அதுவும் பாட்டுக்கு."

கோகிலன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"பச்ச சேல ஆன்ட்டி ரெண்டு தடவ வராங்க. கடைசில மெட்ராஸ் கோயில் சீன்ல தட்டு வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க. அதே மூக்கு, அதே தோடு. அம்மா ஏரோப்ளேன்ல ஏறுனதே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

எப்போது பார்த்தாய் என்று கேட்டான். ஏழு வயதில், ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது என்றாள். அப்படியென்றால் மூன்று வருடம். வாயை மூடத் தெரியாத இந்தப் பிள்ளை, தனக்குப் பிடிக்காத, பொய்யென்று தெரிந்த ஒரு படத்தின் முன்னால் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"அப்பவே ஏன்மா சொல்லல?"

"சொன்னா அந்தப் படத்தப் போட மாட்டீங்க. அன்னிக்கு மட்டுந்தான் நீங்க அம்மாவப் பத்திப் பேசுவீங்க."

கோகிலன் பாயில் உட்கார்ந்துவிட்டான். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. தான் மகளுக்காக அந்தப் படத்தைப் போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவளோ அவனுக்காகப் பார்த்திருக்கிறாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெட்டிவிட்டார்கள் என்பதை, நவமணி சிரித்ததை, கைப்பேசி தொலைந்ததை. மன்னிப்பும் கேட்டான். ரூபினி அழவில்லை. படம் முடிந்தபிறகு சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்ப கெடோண்டோங் தண்ணி? பாத்திரம் கழுவுறது? அதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றைத்தான் பொய்யாகச் சொன்னான். ஆனால் அந்த ஒன்று, சொன்ன எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இனி நவமணியைப் பற்றி என்ன சொன்னாலும் இந்தப் பிள்ளை மூக்கையும் தோட்டையும் சரிபார்த்துக்கொண்டுதான் கேட்கும். அம்மாவை அவளுக்குக் கொடுப்பதற்கு உலகத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான், அவனே அதைக் கெடுத்துக்கொண்டான். அந்த நினைப்பில் அவனுக்குப் பயமே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆணியில் மாட்டியிருந்த வேலைப் பையை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டான்.

"அம்மா இப்படித்தான் நடப்பாங்க," என்றான்.

சமையலறை வாசலிலிருந்து கிரில் கதவு வரை நடந்தான். தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி, பஸ் போய்விடுமோ என்று குட்டிக் குட்டியாக வேகமான எட்டுகள் வைத்து. கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தான். கோகிலன் எப்போதும் மெதுவாக நடப்பவன். அவன் பின்னால் வருகிறானா என்று அவள் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, பனியனும் கைலியுமாக, நடுவீட்டில் பெண் நடை நடந்தான். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ரூபினி சிரிக்கவில்லை.

"இது நிஜமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி என்ன பயன்? திரும்பவும் சமையலறை வாசலுக்குப் போய், திரும்பவும் நடந்தான். குட்டி எட்டுகள், சாய்ந்த தலை. நின்று திரும்பினான்.

கிரிலுக்கு வெளியே யாரோ நிற்பது அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. கையில் குவே பலகார டப்பாவும் நெற்றியில் வியர்வையுமாக, நாலு மாடி ஏறி வந்த சுலைஹா அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என்ன பேசினார்கள், என்ன நடந்தது, எதுவும் அவளுக்குத் தெரியாது.

"யா அல்லா," என்றாள் மெதுவாக. "நவமணியேதான்."

ரூபினி திரும்பிப் பார்த்தாள். அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேக்குதான் தம்பி அந்தப் பக்கம் இல்ல. எப்பவும் இடது தோள்லதான் போடுவா. வலது தோள் அவளுக்கு வலிக்கும்லா."

கோகிலன் அதை மறந்தே போயிருந்தான். ரூபினி எழுந்து வந்து கிரிலைத் திறந்துவிட்டாள். பிறகு அப்பாவின் வலது தோளிலிருந்து பையைக் கழற்றி, எம்பி, இடது தோளில் மாட்டினாள். நாடாவைச் சரிசெய்தாள். சமையலறை வாசலுக்கு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இப்ப நடங்கப்பா."

கோகிலன் நடந்தான். கதவுக்கிட்டே போனதும் நின்று திரும்பிப் பார்த்தான். ரூபினி தலையைச் சாய்த்து, குட்டிக் குட்டி எட்டு வைத்து, அவன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.