வாசல்படிக் கல்

கென்டக்கி மலைமுகட்டில் இருக்கும் ஸ்டிடம் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வெர்லன்தான் பதினோரு வருஷமாகப் புல் வெட்டுகிறான். புதர் மண்டிக் கிடந்ததை மீட்டவனும் அவனே. மே மாதம் கல்லறைகளுக்குப் பூப்போடும் ஞாயிறன்று சொந்தமெல்லாம் கூடி அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். இரண்டு வருஷமாக அந்தப் புகழ்தான் அவனுக்குத் தொண்டையில் முள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மூலையில் புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு கல்லில் மோதி மூன்று முறை உடைந்தது. பேரில்லாத, தேதியில்லாத ஓடைக் கற்கள். சனியன் என்று பத்தொன்பதையும் பிடுங்கி, கேட்டுக்குக் கீழே வழுக்கும் சரிவில் படி கட்டிவிட்டான். செதுக்கிய கல்லுக்கு வழியில்லாதவர்கள் ஓடைக் கல்லைத்தான் தலைமாட்டில் நடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். வெயில், அவசரம். ஒரு வாரம் கழித்துத்தான் செய்த காரியம் உறைத்தது. எந்தக் கல் எந்த இடமென்று அதற்குள் மறந்தே போயிற்று. யாரிடமும் மூச்சுவிடவில்லை, பாவி மனுஷன்.

இந்த வருஷம் ஒஹாயோவிலிருந்து ஆர்ஃபா அத்தை வந்தாள். எண்பத்தாறு வயது. இரண்டு பேர் நாற்காலியோடு மேலே தூக்கி வந்தார்கள். மடியில் மெழுகில் தோய்த்த காகிதப் பூக்கள்.

"வெர்லா, என் தலைச்சன் எங்கடா? மூணே நாள் இருந்தான். அவங்கப்பா நட்ட கல்லு. கறுப்புல பால் சிந்தின மாதிரி வெள்ளைக் கோடு ஓடும்."

"கல்லு மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும் அத்தை. இதோ, இந்த எடந்தான்." வாய் கூசாமல் வெறும் புல்லைக் காட்டினான்.

அத்தை முனகிக்கொண்டே மண்டியிட்டாள். "வந்துட்டேன்டா கண்ணு. அம்மாவுக்கு இடுப்பு சரியில்ல, அதான் முப்பது வருஷமாயிடுச்சு." வெகுநேரம் பேசினாள். வெர்லன் இப்போதாவது சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"வெர்லன் மட்டும் இல்லேன்னா இந்த எடம் காடாயிருக்கும்!" என்றாள் கோழி வறுவலைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

இறங்கும்போது நாற்காலி வேண்டாமென்றாள் அத்தை. "நான் என்ன மூட்டையா? கையக் குடுடா, போதும்."

மூன்றாவது படியில் நின்றாள். குனிந்து பார்த்தாள். சட்டென்று காலை எடுத்துப் புல்லில் வைத்தாள்.

"இத எங்கேருந்து புடுங்கின?"

"தெரியல அத்தை. எல்லாத்தையும் ஒண்ணா குவிச்சுட்டேன். மன்னிச்சிருங்க அத்தை."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேலே, தான் வைத்த பூக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நேரம் நான் யாருகிட்டடா பேசிக்கிட்டிருந்தேன்?"

வெர்லன் உட்கார்ந்து அந்தக் கல்லை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினான். நகம் பிய்ந்ததே தவிர, கல் அசையவில்லை. அவ்வளவு உறுதியாகப் பதித்திருந்தான்.