அல்கோபாசாவில் பெண் பார்த்தது

பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் குறைந்து பல வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் கோயில்தான். இரண்டு தரப்பும் தற்செயலாகச் சாமி கும்பிட வந்ததுபோல வருவார்கள். பிடித்தால் பேசலாம். பிடிக்காவிட்டால் விபூதியைப் பூசிக்கொண்டு அவரவர் காரில் ஏறிவிடலாம். ஒருவர் வீட்டுக் கேசரியைத் தின்றுவிட்டு அவர் பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் கிடையாது.

என் அக்கா மகள் லோஷினியையும் கோயிலில்தான் பார்ப்பேன் என்றார் அமுதவள்ளி. அவர் தெங்கு கிளானா சாலையில் இருக்கும் என் புடவைக் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. அவர் மகன் ஜீவன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், முப்பத்தாறு வயது. சிக்கல் என்னவென்றால், லோஷினி வேலை பார்ப்பது லிஸ்பனில். வாடகை வீட்டில் நாலு பேரோடு தங்கியிருக்கிறாள். அங்கே போய்ப் பெண் பார்க்க முடியாது.

ஜீவனுக்கு ஏற்கெனவே பார்த்த இடங்கள் எல்லாம் சகுனத்தில் போயின. பத்துமலையில் ஒரு குரங்கு தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியது. அந்தப் பெண் வேண்டாம். ஷா ஆலமுக்குப் போகும் வழியில் டயர் வெடித்தது; அந்தப் பெண்ணும் வேண்டாம். அம்மா வேண்டாம் என்றால் ஜீவன் வாயைத் திறக்கமாட்டான்.

இந்த ஜீவனும் லோஷினியும் பல மாதமாக வாட்ஸ்அப்பில் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், அமுதவள்ளியின் தலையாட்டலுக்காகக் காத்திருந்தார்கள். லோஷினி என்னிடம் போனில் சொல்லிவிட்டாள்.

"மாமா, இதான் கடைசி. அவங்கம்மா இதையும் சகுனம் பாத்துத் தள்ளிட்டா நாங்க பேசறத நிறுத்திக்கறதா முடிவு பண்ணிட்டோம். சும்மா இழுத்துக்கிட்டே இருக்க முடியாது."

அமுதவள்ளிக்குப் போர்ச்சுகலில் இருக்கும் பாத்திமா மாதாவைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. "மாதாவும் அம்மன்தானே" என்பார். ஆகவே அவரையும் அவர் கணவர் திருச்செல்வத்தையும் ஜீவனையும் போர்ச்சுகல் டூருக்குக் கிளப்பினேன். நானும் ஒட்டிக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் டிராவல்ஸ் வைத்திருக்கும் லோகனைப் போய்ப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க ஒரு எடம் வேணும் லோகன். கோயில் மாதிரி இருக்கணும்."

"லிஸ்பன்ல ஒரு குஜராத்திக் கோயில் இருக்கு அங்கிள். ஆனா நம்ம பஸ் போய்ச் சேர்றப்ப நடை சாத்தியிருப்பாங்க." விளம்பரத்தாளைப் புரட்டினான். "இது பாருங்க. பாத்திமாவுக்கு அடுத்த ஸ்டாப். அல்கோபாசா. பழைய காலத்துச் சாமியார் மடம். ராஜா கட்டுனது. எண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள ஒரே அமைதி லா."

படத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இரண்டு கோபுரம், வாசலுக்குப் படி, சுவரில் மாடம் மாடமாகச் சிலை. ராஜா கட்டியிருக்கிறார், சாமியார்கள் இருந்திருக்கிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் நான் ஒரு பேல் துணிகூட வாங்கியதில்லை. இதை மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டேன்.

அமுதவள்ளி குருக்களிடம் நாள் பார்த்தார். ராகுகாலம் கிள்ளான் நேரத்துக்கா போர்ச்சுகல் நேரத்துக்கா என்று கேள்வி வந்தது. இரண்டையும் தவிர்த்துவிடச் சொன்னார் குருக்கள்.

அன்றைக்கு லோஷினி லிஸ்பனிலிருந்து முன்கூட்டியே வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். பச்சைப் பட்டு, மேலே குளிருக்குக் கோட்டு. எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய அமுதவள்ளி அவளை ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டுவிட்டுக் கணவரோடும் மகனோடும் உள்ளே போனார். லோஷினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மாமா, உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"சாமியார் மடம்."

"மாமா, ராஜா ராணி சமாதி இருக்கு மாமா!"

"எத்தன?"

"எத்தனயா இருந்தா என்ன? பொண்ணு பாக்கற எடமா இது?"

"நீ ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்கதான 'எடத்த நான் பாத்துக்கறேன், நீ பொடவயப் பாத்துக்க'ன்னு மெசேஜ் போட்டீங்க? ஆன்டிகிட்ட சொல்லிச் சம்மதம் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். கல்யாண மண்டபத்தைப் பக்கவாட்டில் நெருக்கி உயரத்தில் இழுத்துவிட்டால் எப்படியோ அப்படி இருந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கல். ஒரு படம் இல்லை, ஒரு மாலை இல்லை. அமுதவள்ளிக்குப் பிடித்துவிட்டது என்று அவர் நடையிலேயே தெரிந்தது. வெறுங்காலோடு நேராக முன்னே போய், வலப்பக்கம் திரும்பினார்.

அங்கே சிங்கங்கள் தாங்கிய ஒரு பெரிய கல் பெட்டி. அதன்மேல் கல்லில் வடித்த ஒரு மனிதர் கிரீடத்தோடு மல்லாந்து படுத்திருந்தார். தேவதைகள் சுற்றியிருந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன. அமுதவள்ளி கையைக் கூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பள்ளிகொண்ட பெருமாள் மாதிரியே இருக்காருங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

திருச்செல்வம் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கே போனாலும் போர்டைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வள்ளி, நில்லு. இது சாமி இல்ல. சமாதி."

"யாரு சமாதி?"

"ராஜா. உள்ள ஆளு இருக்காரு."

அமுதவள்ளி நின்ற இடத்திலேயே நின்றார். "பொணத்தயா சுத்தி வந்தேன்?" அந்தக் கட்டடத்தில் மெதுவாகப் பேசினாலே கூரை வரை போகும். அவர் மெதுவாகப் பேசவில்லை. தூரத்தில் நின்ற காவலாளி உதட்டில் விரலை வைத்தான்.

ஜீவனின் முகத்தைப் பார்த்தேன். குரங்கு பழத்தைப் பிடுங்கிய நாளிலும் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

"அக்கா, சாதாரண ஆளு இல்லக்கா. ராஜா" என்றேன்.

"ராஜான்னா தீட்டு கெடையாதாண்ணே? மடம்னீங்க. கோபுரம்னீங்க. சுடுகாட்டுல கொண்டாந்து பொண்ணு காட்டுறீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா? ஜீவா, என் செருப்ப எடுத்துட்டு வா."

ஜீவன் நகரவில்லை. அதைவிட முக்கியம், அமுதவள்ளியும் நகரவில்லை. கடையில் "நல்லாருக்கு, அப்புறம் வரேன்" என்று சொல்கிறவர் திரும்ப வரமாட்டார். சாயம் போகுமா, கரை பிய்யுமா, இதென்ன மடிப்பில் அழுக்கு என்று நோண்டுகிறவர்தான் வாங்குவார். அமுதவள்ளி நின்று நோண்டுகிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் லோஷினியின் பக்கம் திரும்பினார். "நீதான இந்த ஊர்ல இருக்கிறவ. யாரு இவன்?"

நான் கண்ணைக் காட்டினேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி முடி என்று அர்த்தம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பேரு பெத்ரு, ஆன்டி. அந்தப் பக்கம் படுத்திருக்கிறது இனெஷ். இவர் இளவரசரா இருந்தப்ப அவங்கள விரும்பினாரு. இவரோட மனைவி எறந்ததுக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்தாங்க. இவர் அப்பாவுக்குப் பிடிக்கல."

"பிடிக்கலன்னா?"

"ஆள் வச்சு அவங்களக் கொன்னுட்டாரு."

திருச்செல்வம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏம்மா" என்றார் அமுதவள்ளி, "மருமக பிடிக்கலன்னு வெட்டிப்போட்ட கதயச் சொல்றதுக்கு ஒனக்கு வேற மாமியா கெடைக்கலயா?"

"நீங்க கேட்டீங்க ஆன்டி. எனக்கு மாத்திச் சொல்ல வராது."

மாமியார் என்று அவரே சொல்லிவிட்டார். அதை நான் மட்டும் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

அமுதவள்ளி எதிர்ப்பக்கம் பார்த்தார். நடுவிலே அந்த மண்டபத்தின் அகலத்துக்கு இடம் விட்டு, அந்தப் பெண்ணின் பெட்டி இருந்தது. அவளுக்கும் கிரீடம், அவளைச் சுற்றியும் தேவதைகள்.

"விரும்பினவன் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்க வேண்டியதுதான? ஏன் இப்படிக் காலுக்கு நேரா கால வச்சிருக்கான்?"

"உலகம் முடியற அன்னைக்கு செத்தவங்க எல்லாரும் எந்திரிப்பாங்கன்னு இவங்க நம்பிக்க. பக்கத்துல படுத்திருந்தா எந்திரிக்கிறப்ப கூரைதான் தெரியும். இப்படி இருந்தா எந்திரிச்சு ஒக்காந்ததும் மொதல்ல இவர் கண்ணுல அவங்க முகம் படும். அவங்க கண்ணுல இவர் முகம். அதுக்குத்தான்னு சொல்வாங்க."

அமுதவள்ளி இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்றார். இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். முந்தானைக்கும் பிளவுசுக்கும் பொருத்தம் பார்க்கிறபோது என் கடையில் இதே மாதிரி நிற்பார்.

"அப்ப யார் மூஞ்சில முழிக்கணும்னு செத்ததுக்கு அப்புறமும் பாத்திருக்கான்" என்றார் மெதுவாக.

"ஒன்ன மாதிரி ஒருத்தன்" என்றார் திருச்செல்வம். எனக்கு விளக்கமும் சொன்னார். "காலையில கண்ண மூடிக்கிட்டே சாமி ரூமுக்குப் போவாண்ணே. முருகன் மூஞ்சிலதான் முழிப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து எம்மூஞ்சில முழிச்சதே கெடையாது. ஒரு தடவ கதவுல முட்டிக்கிட்டா. அப்பவும் தொறக்கல."

"ஒங்க மூஞ்சில முழிச்சிருந்தா வெளங்கியிருக்கும்" என்றார் அமுதவள்ளி. ஆனால் கோபம் குரலில் இல்லை. அவர் இன்னும் அந்தக் கல் மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெவரம் தெரிஞ்சவன்தான். இத்தன வருஷம் கழிச்சு எந்திரிச்சு வேற யார் மூஞ்சிலயாவது முழிச்சு வச்சா என்னத்துக்கு ஆகும்?"

அப்புறம் சட்டென்று லோஷினியிடம், "வேல எப்ப முடியுது?" என்றார்.

"அடுத்த வருஷம் டிசம்பர்."

"இந்தத் தீபாவளிக்கு முன்ன வர முடியாதா?"

நான் பாய்ந்தேன். "ஏன்க்கா முடியாது? சொன்னா ஏற்பாடு..."

"முடியாது மாமா" என்றாள் லோஷினி. "கையெழுத்துப் போட்டிருக்கேன் ஆன்டி. நடுவுல விட்டுட்டு வர மாட்டேன். கல்யாணத்த முன்னால வச்சாலும் லீவு போட்டு அங்க வந்துட்டு, திரும்ப இங்கயே வந்துருவேன். முடிஞ்சதும் கிள்ளானுக்கு வந்துருவேன். அதுல மாத்தம் இல்ல."

"கொறைக்கவே மாட்டியா?"

"ஃபிக்ஸ்ட் பிரைஸ் ஆன்டி."

என் அப்பா பாசாரில் துணி விரித்த காலம் தொட்டு எங்கள் குடும்பத்தில் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. எனக்கு அங்கே காலியாக ஒரு பெட்டி இருந்தால் ஏறிப் படுத்திருப்பேன். அமுதவள்ளி உதட்டைப் பிதுக்கினார். அவர் பார்வை வாசல் பக்கம், செருப்பு கிடந்த பக்கம் போயிற்று.

அப்போதுதான் ஜீவன் பேசினான். முகம் தரையைப் பார்த்திருந்தது.

"மா. எனக்கு இவ மூஞ்சில முழிக்கணும்மா. அடுத்த வருஷம் டிசம்பர் ஆனாலும் பரவால்ல. மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. இதுக்குச் சொல்றேன்."

சொல்லிவிட்டு முகத்தை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான். அவன் அம்மாவும் பார்த்தார்.

"வெக்கமில்லாம கோயில்ல வந்து பேசற பேச்சாடா இது?"

கோயில் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"வெளிய வாங்க எல்லாரும்" என்றார் அமுதவள்ளி. "இங்க எதுவும் கெடையாது. தலைக்குத் தண்ணி விடாம நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எதிரே அகலமான சதுக்கம். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. திருச்செல்வத்தின் பையிலிருந்த மினரல் வாட்டர் போத்தலை வாங்கி, முதலில் தன் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு கணவருக்கு, மகனுக்கு, எனக்கு. என் பங்கில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார். சட்டைக் காலருக்குள் போயிற்று. கடைசியாக லோஷினி பட்டுப் புடவையோடு அவர் முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்கு மட்டும் உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"மாத்திச் சொல்ல வராதுன்னு சொன்னியே. எங்கிட்ட எப்பவும் அப்படியே இரு. ஒங்க மாமா மாதிரி இருக்காத."

"சரி ஆன்டி."

"ஆன்டி என்ன ஆன்டி? அத்தைன்னு சொல்லு."

கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தார். அவள் நெற்றியில் வைத்துவிட்டார். ஜீவன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புறாக்களைப் பார்த்தான். நான் கிள்ளானில் காத்திருந்த என் அக்காவுக்கு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தேன். ஈரக் கையில் எழுத்து எதுவும் சரியாக விழவில்லை.

"போட்டோ எடுங்க" என்றார் அமுதவள்ளி கணவரிடம். "பின்னால கோபுரம் நல்லா தெரியட்டும். உள்ள என்ன இருக்குன்னு ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சுகுமாறண்ணே, முக்கியமா நீங்க."