அழைக்காத ஞாயிறு

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தர்மிகா ஒரு வாய் வைத்தாள், அடுத்த வாய் வைக்க மறந்துபோனாள். ஜெர்மனியில், பான் நகரத்தின் வடக்கே, தமிழ்ப் பாடசாலைக்காக ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் மருதமுறிப்பு ஊர்ச்சங்கத்து ஆட்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் சாம்பாரில் உப்பு கூடியதா குறைந்ததா என்று ஒரு வழக்கு நடக்கும். இன்றைக்கு ஒருவருக்கும் உப்பு நினைவில்லை. எல்லோருடைய கண்ணும் நீண்ட மேசையின் நடுவில் கிடந்த அவளுடைய தொலைபேசியில்தான் இருந்தது. இங்கே மதியம் தாண்டிவிட்டது என்றால் வன்னியில் பொழுதுபட்டிருக்கும். பொழுதுபடும்போது ஊரிலிருந்து ஒரு குரல்செய்தி வரும் என்பது ஏற்பாடு. வரவில்லை.

காலையில் ஒன்று வந்திருந்தது. "குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிட்டுது. பள்ளப் பக்கத்துச் சனத்தை ஏத்தத் தொடங்கிறம். பொழுதுபடக் கதைக்கிறன்." அவ்வளவுதான். பேசியவர் வனஜா. முன்பள்ளி ஆசிரியை, ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். அதன் பிறகு மருதமுறிப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இங்கிருந்தும் ஒருவரும் அழைக்கவில்லை. அழைக்கக்கூடாது என்பதும் ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டை எழுதியவள் தர்மிகா.

சென்ற வருடத்து வெள்ளத்தில்தான் அது தொடங்கியது. விடியவே ஊரில் மின்சாரம் போய்விட்டது. செய்தி தெரிந்த கணத்திலிருந்து ஜெர்மனி, சுவிஸ், கனடா என்று இருந்த உறவுகள் எல்லாம் ஊருக்கு அழைக்கத் தொடங்கின. தண்ணி எவ்வளவு, வீட்டுக்குள்ளே வந்துவிட்டதா, மாடு எங்கே, கமெராவைக் கொஞ்சம் திருப்பிக் காட்டு. ஒருவர் வைத்தால் அடுத்தவர். படகோட்ட நின்ற பிள்ளைகளின் தொலைபேசிகளும், சங்கத்துப் பெண்களின் தொலைபேசிகளும் இருட்டுவதற்கு முன்பே செத்துப்போயின. இரவில் படகு போனது. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அதற்குச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நிறைமாதக்காரி ஒருத்தி மாட்டுக்கொட்டிலின் கூரையில் விடியும்வரை இருந்தாள். பிள்ளை சுகமாகத்தான் பிறந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது வனஜாவின் முகம் கணினித் திரையில் சிரிக்கவில்லை. "நீங்கள் அன்பிலதான் கோல் எடுத்தனீங்கள்," என்றார். "ஆனா எங்கட பற்றரியை நீங்கள் குடிச்சிட்டியள்."

அன்றைக்குத் தொடங்கி ஒரு வருடம் பேசினார்கள். வெள்ள நிதியை முன்கூட்டியே தங்களிடம் தந்துவிட வேண்டும், எதற்குச் செலவழிப்பது என்பதைத் தாங்கள் தீர்மானிப்போம் என்று மாதர் சங்கம் கேட்டது. சாப்பாட்டுப் பொதியோடு ஆட்களை நிற்கவைத்து, பின்னால் சங்கத்தின் பெயர்ப் பதாகையைப் பிடித்துப் படம் எடுக்கும் வழக்கம் வேண்டாம் என்றது. யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் போதுமான வரிசைகளில் நின்றுவிட்டோம் என்று வனஜா சொன்னார். வெளிநாட்டுக்கென்று ஒரேயொரு தொலைபேசி, காலையும் பொழுதுபடவும் ஒரு செய்தி, இங்கிருந்து அழைப்பு இல்லை. இவ்வளவும் நிறைவேறியது. நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேத விண்ணப்பங்கள் பார்க்கிற தர்மிகா எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதி, எழுதியதைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். வாங்கிய அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பயமாக இருந்தது.

"எவ்வளவு நேரமாப் போச்சு?" என்று உருத்திரமூர்த்தி கேட்டார். கடிகாரம் அவருக்கு நேர் எதிரேதான் தொங்கியது. சங்கத்தின் தலைவர் அவர். ஊருக்கு வாசிகசாலை கட்டியதும் கிணறு வெட்டியதும் அவருடைய காலத்தில்தான். அவருடைய தமையன் குடும்பம் பள்ளப் பக்கத்தில் இருந்தது. "நான் ஒருக்கா எடுக்கப்போறன். ஒரேயொரு ரிங். இருக்கினமோ எண்டு மட்டும் கேட்டிட்டு வைச்சிடுவன்."

"மாமா, எல்லாரும் ஒரேயொரு ரிங்தான் எடுத்தவை போன வருசமும்."

"அண்ணை ஒரு ரிங்கில வைக்கிற ஆளோ?" என்றார் டிராம் ஓட்டுகிற செல்வராசா, அப்பளத்தைக் கடித்துக்கொண்டே. "போன கிழமை எனக்கு எடுத்து மண்டபத்தைப் பூட்டுற திறப்பு எங்க எண்டு கேட்டவர். வைக்கேக்க எனக்குக் காது சுட்டுப்போச்சு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு மேசையைத் தாண்டிப் போகவில்லை.

உருத்திரமூர்த்தி தர்மிகாவின் பக்கம் திரும்பினார். "உன்ர அம்மாவும் அங்கதானே நிக்கிறா, பிள்ளை. உனக்குப் பதட்டமில்லையோ? ஜெர்மன்காரர் மாதிரி வெள்ளத்துக்கும் டெர்மின் குடுத்து, நேரம் குறிச்சு வைச்சிருக்கிறாய்."

அது சுருக்கென்று குத்தியது. அம்மா சின்னம்மாவின் வீடு குடிபூரலுக்குப் போனவர். மழையால் விமானம் ஏறக் கொழும்புக்குப் போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். சின்னம்மாவின் புதுவீடு குளக்கட்டுக்குக் கீழே. அதை நினைக்காத ஒரு நிமிடம் காலையிலிருந்து அவளுக்கு இருக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் குரல் உடைந்துவிடும். உடைந்தால் மண்டபம் முழுவதும் தொலைபேசியை எடுத்துவிடும்.

"மாமா, இஞ்ச பக்கத்தில ஆர்வைலரில வெள்ளம் வந்த வருசம் நீங்கள் சேறள்ளச் சவளோட போனனீங்கள்தானே," என்றாள். "அந்த ஊர்த் தீயணைப்புக்காரன் உங்களை ஒரு நிலவறையில நிண்டு சேறு வழிக்கச் சொன்னவன். ரெண்டு நாள் வழிச்சனீங்கள். ஏன் இந்த நிலவறை, ஏன் அடுத்த வீடு இல்லை எண்டு அவனைக் கேட்டனீங்களோ?"

"அவன்ர ஊர். அவனுக்குத் தெரியும் எங்க முதல் வழிக்கோணும் எண்டு." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்பது அவருக்கே கேட்டது.

"அப்ப மருதமுறிப்பு ஆற்ற ஊர் அண்ணை, எங்கடயோ?" என்றார் செல்வராசா.

"அது வேற கதை." ஆனால் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்பன். பிறகு ஒருத்தற்ற சொல்லும் கேக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

தர்மிகா தட்டைக் கழுவுகிற சாட்டில் சமையலறைக்குள் போனாள். தன் சொந்தத் தொலைபேசி மேசையில் கிடக்க, வேலைக்கு வைத்திருக்கும் மற்றதை எடுத்தாள். அம்மா என்ற பெயரைத் தொட்டாள். அம்மா மாதர் சங்கத்து ஆள் இல்லை, படகோட்டி இல்லை, விருந்தாளி. விருந்தாளியை அழைக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதியவளுக்குத்தான் தெரியுமே. ஆனால் மின்சாரம் இல்லாத ஊரில் சார்ஜ் இருக்கிற ஒரு தொலைபேசி யாருடைய கையில் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா அதைச் சங்கத்துப் பெண்களிடம் முதல் ஆளாகத் தூக்கிக் கொடுத்திருப்பார். தான் உறுதியாக நிற்கிறேனா, இல்லை, எழுதியது பொய்த்துப்போகக்கூடாது என்கிற வீம்பில் நிற்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது நடந்துவிட்டால், இத்தனை பேரையும் அழைக்கவிடாமல் தடுத்தவள் ஒருத்தி இருந்தாள் என்றுதான் இந்த மண்டபம் அவளை நினைவில் வைத்திருக்கும். நியாயமாகவும் இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. சாம்பார் வைத்த கனகவல்லி அக்கா, சுவரோடு ஒட்டிக்கொண்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"நான் எடுக்கேல்ல, பிள்ளை. சும்மா நம்பரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நானும் அதுதான் அக்கா."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கனகவல்லி அக்கா பெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். அந்த இடுக்கில் இருவரும் அக்கம்பக்கமாக நின்று, அழைக்காமல், எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் தொலைபேசி அதிர்ந்த சத்தம் சமையலறைவரை கேட்டது.

அவள் வந்து சேர்வதற்குள் செல்வராசா அதை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார். முதலில் மழை. பிறகு உழவு மெசின் என்று ஊரார் சொல்லும் டிராக்டர் ஒன்றின் இரைச்சல், பெண்கள் கூப்பிடும் சத்தம். அதற்கு மேலே வனஜாவின் குரல், அவசரமில்லாமல்.

"வணக்கம், வனஜா கதைக்கிறன். பள்ளப் பக்கச் சனம் முழுக்க வெளிய வந்திட்டுது. ஒருத்தரும் மிச்சமில்லை. கொஞ்சப் பேர் பள்ளிக்கூடத்தில, கொஞ்சப் பேர் கோயில் மேட்டில. ஆர் எங்க எண்டு இப்ப கேக்காதேங்கோ, விடியச் சொல்லுறன். பொழுதுபடச் செய்தி போடோணும் எண்டு தர்மிகா எழுதி வைச்சவ. அதை நாங்கள் மாத்திப்போட்டம். கடைசி மெசின் திரும்பி வராமல் ஒண்டும் சொல்லுறேல்லை எண்டு இஞ்ச முடிவெடுத்தம். பாதிப் பேர் வந்திட்டினம் எண்டு சொன்னா மற்றப் பாதியின்ர சொந்தக்காரர் சும்மா இருக்கமாட்டியள். அடுத்தது, குளத்துக்கு அங்கால சிங்கள ஊருக்கையும் தண்ணி பூந்திட்டுது. அங்க இன்னும் ஒருத்தரும் போகேல்ல. எங்கட மெசின் ரெண்டை அனுப்புறம். டீசல் உங்கட காசுதான். உங்களைக் கேக்கேல்ல, கேக்க நேரமில்லை. இஞ்ச சமைக்கிறம், போன் எல்லாத்திலயும் சார்ஜ் இருக்கு. எடுக்காமல் இருந்ததுக்கு நன்றி."

தர்மிகாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். நேரத்தை மாற்றினீர்கள் என்றால் மாற்றுகிறோம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் முகம் சூடேறியது. முடிவெல்லாம் அங்கேதான் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடுவில் தன்னுடைய கடிகாரத்தை ஆணியடித்து மாட்டிவைத்தது அவள்தான். அவர்கள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் நின்று யாராலும், அவளாலும், அந்த முடிவை எடுத்திருக்க முடியாது.

"அங்கயுமோ?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். குரலில் சண்டை இல்லை, திகைப்புத்தான்.

"அங்கயும் பிள்ளையள் இருக்குந்தானே," என்றார் செல்வராசா.

எல்லோரும் உருத்திரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். யுத்தத்தில் இரண்டு முறை வீட்டை இழந்தவர். ஒரு கிணறு வெட்டுவதற்கே எந்த இடத்தில் என்று இங்கிருந்து படம் கீறி அனுப்பியவர். அவருடைய தாடை அசைந்தது. "கேட்டியளோ," என்றார். "எங்களைக் கேக்கேல்ல எண்டு சொல்லுறாள்." பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி இன்னொரு முறை சொன்னார். "எங்களைக் கேக்கேல்லயாம்." மூன்றாவது முறை கனகவல்லி அக்காவிடம் சொன்னபோது அவருடைய குரல் மாறியிருந்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததை ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவரின் குரல் அது. "என்ன நெஞ்சுரம் பாருங்கோ அவளுக்கு. மெசினை அனுப்பிப்போட்டுச் சொல்லுறாள், டீசல் உங்கட காசெண்டு!"

"அண்ணை, இன்னொருக்காப் போடட்டோ?"

"போடு, போடு. சத்தத்தைக் கூட்டு."

இரண்டாவது முறை கேட்டபோதுதான், வனஜாவின் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண் கத்துவது தெளிந்தது. "அடுப்பை அங்கால தள்ளுங்கோ, சாரல் அடிக்குது!"

"அது எங்கட அண்ணி," என்றார் உருத்திரமூர்த்தி உடனே. "அதட்டலைப் பாருங்கோ, அண்ணியேதான்."

"சும்மா இருங்கோ, அது என்ர மச்சாள்," என்றார் வாசற்பக்கத்தில் நின்ற ஒருவர். இன்னொருத்தி தன் பெரியம்மா என்றாள். செல்வராசா மூன்றாவது முறையும் போட்டார். கனகவல்லி அக்கா தர்மிகாவின் முழங்கையைப் பிடித்தார். "பிள்ளை, வடிவாக் கேள். உன்ர அம்மாவெல்லோ?"

தர்மிகா கேட்டாள். அம்மா ஒரு பானைக்கு முன்னால் நின்றால் இப்படித்தான் கத்துவார். ஆனால் மழையோடு கலந்து வரும்போது அந்தக் குரல் யாருடையதாகவும் இருந்தது. தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டியபோது கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பேசாமல் இருங்கோ எல்லாரும், கடைசியைக் கேளுங்கோ," என்றார் உருத்திரமூர்த்தி.

நன்றி சொன்ன பிறகு வனஜா விரலை எடுக்க மறந்த சில கணங்கள் பதிவாகியிருந்தன. மூடி ஒன்று நிலத்தில் விழுந்து சுழன்றது. யாரோ "சரி, ஏறுங்கோ" என்றார்கள். உழவு மெசின் உறுமிக்கொண்டு கிளம்பி, சில்லுகள் தண்ணீரைக் கிழிக்க, குளத்துக்கு அங்கால் உள்ள ஊரை நோக்கித் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. பானில் மண்டபத்து ஆட்கள் ஆறிப்போன சோற்றுத் தட்டுகளோடு ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்து, அந்த இரைச்சல் தேய்ந்து மழைக்குள் மறையும்வரை நின்றார்கள்.