எண்ணூர் விடுதியின் நான்கு மாதங்கள்

மூன்று இடங்களை இணைத்து உருவானது எங்கள் மருத்துவமனை: ராயபுரத்தில் ஒரு மருந்தகம், திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்களுக்கான கிளினிக், எண்ணூரில் எட்டுக் கட்டில் கொண்ட பிரசவ விடுதி. இணைப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும்படி நிர்வாக அதிகாரி அருள்நாதன் என்னிடம் சொன்னார். நான் பகலில் இங்கே தற்காலிக எழுத்தர், மாலையில் கல்லூரி மாணவி. என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இன்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். இணைப்புக்கு முந்தைய நான்கு மாதம் எண்ணூர்ப் பதிவேட்டில் ஒரு பிரசவமும் இல்லை. மழைவெள்ளம் புகுந்ததால் விடுதி பூட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. அதை அப்படியே எழுதினேன். யாரும் கவனிக்காததைக் கண்டுபிடித்த பெருமை வேறு.

அந்த விடுதியில் ஆயாவாகச் சேர்ந்த பிலோமியக்கா இப்போதும் இங்கே வேலை செய்கிறார். ஒருநாள் வாளியோடு என் மேசையருகே நின்றார்.

"இன்னா எழிலு, எங்க கதைய எழுதிகினு கீறியாமே? என் போட்டா வருதா?"

"டாக்டருங்க போட்டோ மட்டும்தான்க்கா."

"ஏன், நான் இன்னா கலீஜாவா கீறேன்?" என்று சிரித்தார்.

அப்போதுகூட அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மலர் அச்சான மாதமே துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரரிடம் போனது. முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவர்கள் மட்டும் மருத்துவமனை ஊழியர்களாக நீடிக்கலாம். பிலோமியக்காவுக்கு முப்பத்தொன்று. ஆனால் நடுவில் நான்கு மாதம் பணி முறிந்ததாகக் கடிதம் வந்தது. ஆதாரமாக மலரின் பக்க எண்.

"பூட்னது கட்டடத்த. புள்ள பொறக்கறத எவன் பூட்னான்?" என்றார் என்னிடம். "நானும் நர்சம்மாவும் கோயில் ஹால்ல பாய் விரிச்சுப் பாத்தோம். பத்தொம்போது புள்ள. என்னாண்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

அருள்நாதனிடம் ஓடினேன்.

"ஆதாரம் இருக்கா?"

"அவங்களே சொல்றாங்க சார்."

"பதிவேட்டுல இல்லாததை எழுத மாட்டேன்னு சொன்னது நீங்கதானே, எழில்மொழி?"

நர்சம்மா உயிரோடு இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவோடு எண்ணூர்க் குப்பங்களில் அலைந்தேன். அந்த மாதங்களில் பிறந்த மூன்று பேர் கிடைத்தார்கள். மூவரின் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடம்: வீடு.

"அந்த ஹாலு யாரு வூடாம்?" என்றார் அக்கா.

தாய்மார்களின் வாக்குமூலங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கோப்பில் வைப்பதாக அருள்நாதன் சொன்னார். வைத்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் புதிய ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதினார். பிலோமியக்காவும் நின்றார்.

"முன்னாடி எத்தினி வருஷம் வேல பாத்துகீற?"

அக்கா என் மேசைப் பக்கம் கையை நீட்டினார்.

"அத்த அவளாண்ட கேளு. அவதான் எழுதுவா."