லூயிஸ் இரவல் வாங்கிய கோட்டு

மாதா கோயில் திருநாள் நாடகத்தில் கப்பல் கேப்டன் வேஷம் கட்டப்போவதாகச் சொல்லித்தான் லூயிஸ் அந்த நீலக் கோட்டை இரவல் கேட்டான். சிநேகிதன் கேட்டதில் லியோனார்டுக்குத் தலைகால் புரியவில்லை. பித்தளைப் பொத்தானையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போட்ட கோட்டு அது. கப்பலில் கரி தள்ள வந்த ஆப்பிரிக்காக்காரர், ராயபுரத்துப் பெண்ணைக் கட்டி இங்கேயே மண்ணாகிப்போனவர். அவர் நிறமும் சுருட்டை முடியும் மகனுக்கு அப்படியே வந்திருந்தன. சின்ன வயதில் தெருவே அவன் கறுப்பைக் கேலி செய்து 'காப்பிரி' என்றுதான் கூப்பிட்டது. கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிக்க ஆரம்பித்த பிறகு அந்தச் சொல் ஒழிந்தது. ஒழிந்தது என்றுதான் பாவி நம்பிக்கொண்டிருந்தான்.

திரை விலகியது. கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து முகமெல்லாம் அப்பி, உதட்டைச் சுற்றிச் சிவப்புச் சாயம் தடவி, அப்பாவின் கோட்டுக்குள் லூயிஸ் குரங்காட்டம் ஆடினான். கிராமபோன் தட்டில் கேட்ட வெள்ளைக்காரன் மெட்டில் 'காப்பிரி மாமா, காப்பிரி மாமா' என்று பாட்டு வேறு. அந்த மெட்டை ஒரு வாரமாகப் பழகி, மேடைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவன் லியோனார்டுதான். வரிகளை மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. வாசிப்பை நிறுத்தினான். நிறுத்தினால் என்ன? சனம் கைதட்டித் தாளம் போட்டது. பாட்டு அது பாட்டுக்கு ஓடியது. முன்வரிசையில், சின்ன வயதில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஃப்ளோரன்ஸ் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தவள், அவனைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தான்.

நாடகம் முடிந்ததும் வேஷக்காரர்களுக்குச் சாயம் துடைத்துவிடுவது பேண்டுக்காரர்கள். அந்தக் கோயில் வழக்கம் அது. லூயிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நீட்டினான். லியோனார்டு தேங்காயெண்ணெயில் துணியை நனைத்தான்.

"இன்னாடா, மூஞ்சத் தூக்கி வச்சினுகீற? உன்னியா சொன்னோம்? நீ நம்ப ஆளு. சும்மா தமாசுக்குத்தான்."

லியோனார்டு துணியை மறுபடி எண்ணெயில் தோய்த்தான். நெற்றி, கன்னம், காதோரம் என்று பதனமாகத் துடைத்தான். கரிக்கு அடியிலிருந்து பழைய தோஸ்து வெளியே வந்தான்.

"போய்ட்ச்சா?" என்று கேட்டான் லூயிஸ்.

"உனக்குப் போய்ட்ச்சு."

லூயிஸின் சிரிப்பு பாதியில் நின்றது. கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். காலரெல்லாம் கரி. லியோனார்டு அதைத் தட்டக்கூட இல்லை. போட்டுக்கொண்டு, கிளாரினெட் பெட்டியுடன் வெளியே வந்தான். கோயில் வாசலில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த கூட்டம் கோட்டைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. லூயிஸ்தான் வேஷம் கலைக்காமல் வருகிறான் என்று நினைத்துக் கைதட்டியது.