விலைக்கு வாங்கிய சாணி

விசைப்படகில் வருகிற எவனும் நமக்கு நல்லது செய்ய வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருத்தன் வந்தான். மாடுகளைக் காட்டினால் புல் விதை தருவோம் என்றான். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு காட்டினோம். விதை வரவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் ஏழைகளே இல்லை என்று சொல்லி மலிவு அரிசியை நிறுத்திவிட்டார்கள். மாடெல்லாம் விற்றாயிற்று என்று சொல்லித்தான் அதைத் திரும்ப வாங்கினோம்.

பிரம்மபுத்திரா நடுவே கிடக்கும் மணல் திட்டு எங்கள் ஊர். மழைக்கு முன்னால் வீட்டு மேட்டில் மண் கொட்டி உயர்த்தாவிட்டால் ஆறு வீட்டை வாரிக்கொண்டு போய்விடும். மண்ணுக்கு என் கையில் இருந்த ஒரே வழி மாணிக். என் காளை. பக்ரீத் சந்தையில் அவனை விற்று மண் வாங்குவதாக இருந்தேன். டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்கும் என் வீட்டுக்காரர் அனுப்புவது அரிசிக்கே பற்றாது.

பக்ரீத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் மறுபடி விசைப்படகுச் சத்தம் கேட்டது. என் கொழுந்தன் மொக்லேஸ் ஓடிவந்தான்.

"அண்ணி, மாட்டை அவிழு! எதிர்த்திட்டு நாணல்ல கட்டிருவோம்."

இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். ஊர் மாடுகள் மொத்தமும் ஆற்றை நீந்திக் கடந்து நாணலுக்குள் போயின. நான் தொழுவத்தைப் பெருக்கி, மாட்டுத் தொட்டி தெரியாதபடி அதன் மேல் பாயை விரித்தேன்.

வந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். பெயர் தௌஹித், மாட்டு டாக்டராம். தோளில் ஐஸ் பெட்டி.

"தொண்டை அடைப்பான் பரவுது அக்கா. ஊசி போடத்தான் வந்தேன். காசு வேணாம்."

காசு வேண்டாம் என்கிறவனை நம்பவே கூடாது.

"எங்ககிட்ட ஏது மாடு தம்பி? மனுசனுக்கே கஞ்சி இல்ல."

அவன் குனிந்து வாசலைப் பார்த்தான். அவசரத்தில் ஒரு மூலையை விட்டிருந்தேன்.

"இந்தச் சாணி?"

"வறட்டி தட்ட விலைக்கு வாங்கினது."

"ஈரமாவே வாங்கினீங்களா?"

"காஞ்சதுக்கு வெலை ஜாஸ்தி தம்பி."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது. பெட்டியைத் திறக்காமலே படகேறிப் போய்விட்டான். எப்படி விரட்டினோம் பார் என்று மொக்லேஸ் மார்தட்டினான்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. திரும்பி வந்தாலும் வருவான், மாடுகள் அங்கேயே இருக்கட்டும் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. நாணலுக்குள் மாடுகள் சகதியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. யாருடைய பசுவுக்கு முதலில் தொண்டை வீங்கியதோ தெரியாது. காலையில் புல் தின்ற மாணிக் மத்தியானம் நாக்கைத் தள்ளிக்கொண்டு என் மடியில் தலை வைத்தான். சாயங்காலம் குழி தோண்டினோம். பக்கத்திலேயே இன்னும் எத்தனையோ குழிகள். நான் வாய்விட்டு அழுதேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது தௌஹித் மறுபடி வந்தான். கூடவே ஒரு பெரிய அதிகாரி. நோயில் மாட்டை இழந்தவர்களுக்கு ஈட்டுத்தொகை தருகிறார்களாம். இந்தத் தடவை ஊரில் யாரும் ஒளியவில்லை. நான்தான் முதல் ஆளாக ஓடினேன், கையில் மாணிக்கின் கழுத்துக் கயிறு.

"என் காளை செத்துப்போச்சு சார்."

அதிகாரி தௌஹித்தைப் பார்த்தார். "இந்தத் திட்டுல மாடே இல்லைன்னுதானே வந்து சொன்னே?"

"இவங்கதான் சார் அப்படிச் சொன்னாங்க."

"பொய் சொன்னோம் தம்பி, அரிசிக்குப் பயந்து. வா, குழியைக் காட்டறேன்."

"குழி எதுக்கும்மா? வெள்ளத்துல செத்த மாடு எத்தனையோ மிதந்து வருது. அதுல ஒண்ணை இழுத்துப் புதைக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

கயிற்றை தௌஹித்தின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீ சொல்லு தம்பி. அன்னிக்கு ஈரச் சாணியை நீ பாத்தியே!"

அவன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அன்றைக்குப் போலவே காது சிவந்தது.

"இதுவும் விலைக்கு வாங்கினதாக்கா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவனை வாய்க்கு வந்தபடி திட்ட நினைத்தேன், முடியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். படகு கிளம்பியது. அதன் அலை வந்து எங்கள் வீட்டு மேட்டில் மோத, ஓரத்து மண் ஒரு கூடை அளவு சரிந்து ஆற்றில் விழுந்தது.