குறையைப் பாராமல்

2007ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் இலங்கைத் தமிழர் சங்கத்தின் விழா நடந்தது. ஓர் உணவகத்தின் மாடி மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அன்று மேடையிலேயே தன் கல்யாணத்தை அறிவிக்கப் போகிறார்கள் என்று முனியசாமிக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டிருந்தான்.

அவன் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அதே கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவரூபியைத்தான் கட்டுவதாக இருந்தது. அவளுக்கு இங்கே பொறுப்பு அவளுடைய பெரியப்பா சிவகுருநாதன். சங்கத்தின் தலைவரும் அவர்தான். ஒரு வருடம் மறுத்து, பிறகு சம்மதித்தவர். முனியசாமியின் பக்கம் வந்திருந்தது அக்கா வீரம்மாள் மட்டும். அஜ்மானில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவள், மேடத்திடம் ஒரு மாதம் முன்பே கேட்டு அரை நாள் லீவு வாங்கியிருந்தாள்.

தொடக்கப் பிரார்த்தனையை வழக்கம்போலச் சிவகுருநாதன் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். போரில் செத்தவர்களுக்காக வேண்டினார். பிறகு முனியசாமியையும் சிவரூபியையும் பக்கத்தில் அழைத்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் சொன்னார்:

“கறுப்பனெண்டும் தோட்டக்காட்டானெண்டும் நாங்கள் தள்ளி வைச்ச சனத்தை, இண்டைக்கு எங்கட பிள்ளையாக் கையேற்கிறம். அவையளின்ர குறையைப் பாராமல் ஏற்கிற மனசைத் தந்தாய், ஐயனே.”

தோட்டக்காட்டான் என்பது தோட்டத்துச் சனங்களைத் தாழ்த்திக் கூப்பிடுகிற சொல். முனியசாமி பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதைக் கேட்டதில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் கைதட்டல் எழுந்தது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். துவாரகன் என்ற இளைஞன் மட்டும் அந்தச் சொல்லை மேடையில் சொல்லக்கூடாது என்று சத்தமாகவே சொன்னான். கும்பிடுகிற நேரத்தில் குழப்பாதே என்று அவனை உட்கார்த்தினார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. எவ்வளவு பெரிய மனசு என்றார் ஒருவர். முதுகுக்குப் பின்னால் சொல்வதை முகத்துக்கு நேரே சொன்னாரே, அதுவே மேல் என்றார் அவனைப் போலவே மலையகத்தவரான பதுளை டிரைவர். நல்ல நாளில் இது என்ன பேச்சு என்று சலித்துக்கொண்டார் இன்னொருவர்.

முனியசாமி எதையும் காதில் வாங்கவில்லை. சிவரூபியும் கைதட்டியதை அவன் பார்த்திருந்தான்.

அக்காவை டாக்ஸியில் ஏற்றிவிட இறங்கியபோது, அவள் கேட்டாள்.

“நம்மகிட்ட என்ன கொறைன்னு, தம்பி, சாமிகிட்ட போயி சொன்னாரு?”

அவன் டாக்ஸிக் கதவைத் திறந்துவிட்டான்.

சனிக்கிழமை சிவரூபியிடம் பேசினான். பெரியப்பா நல்ல மனசோடுதான் சொன்னார், அழுதபடி சொன்னார், அதைப் பெரிதாக்க வேண்டாம் என்றாள்.

“நீங்களும் தட்டுனீங்க.”

“எல்லாரும் தட்டினவை. நான் என்ன செய்ய?”

அவள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள் போலும். இரண்டு நாளில் அவரே கிடங்குக்கு வந்தார். வாசலில் லாரிகளுக்கு நடுவே நின்றார். முகம் வாடியிருந்தது. இந்தச் சம்பந்தத்தால் தன் கடைசித் தம்பி குடும்பமே தன்னோடு பேசுவதில்லை என்றார்.

“நான் உங்களுக்காகத்தானே, தம்பி, கும்பிட்டனான்?”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் முனியசாமியை உடைத்தது. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தான். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கல்யாணம் வேண்டாம் ஐயா என்றான். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மார்ச்சில் சிவரூபி அபுதாபி கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். போகிற அன்று கோப்புகளை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தவள், அவன் கையெழுத்துப் போடும்வரை நின்றாள்.

“ஒரு சொல்லுக்காகவோ?” என்று கேட்டாள்.

அந்தச் சொல்லை அவன் எப்போதோ தாண்டியிருந்தான். தன்னைக் கட்டுவதை அவள் அவன் பிறப்புக்குத் தரும் ஒரு மன்னிப்பாக நினைத்திருக்கிறாளோ என்ற சந்தேகத்தைத்தான் தாண்ட முடியவில்லை. அதைக் கேட்டால் அவள் ஆமென்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். கேட்கவில்லை.

அவள் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.